உதிரிபாகம் கிடைத்தால் உடம்புக்குச் சாவு இல்லையா? சாகாமல் இருக்க முடியுமா, இருக்கலாமா?

#1 நீர்க்கோடு

அப்பா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. தையல் மெஷின் பழுது பார்ப்பது அவர் தொழில். நாற்பது வருடத்துக்கு மேல் அதைத்தான் செய்தார். "உதிரிபாகம் கிடைக்கிற வரைக்கும் மெஷினுக்குச் சாவு கிடையாது" என்று அடிக்கடி சொல்வார். பெல்ட் போனால் பெல்ட், ஷட்டில் போனால் ஷட்டில். அவரைவிட வயதான மெஷின்கள் அவர் கையால் மறுபடி ஓடியதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

அவர் போனதிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நம் உடம்பும் அப்படித்தானா? தேய்ந்ததை மாற்றிக்கொண்டே போனால் சாகாமல் இருக்கலாமா? மூப்பு என்பது சரிசெய்யக்கூடிய கோளாறா, இல்லை உயிர் என்றாலே அதுவும் சேர்ந்ததுதானா? அப்புறம் இன்னொன்று. முடியும் என்றே வைத்துக்கொள்வோம், அப்படி ஒரு வாழ்வு வேண்டுமா?

ஆறுதல் கேட்டு எழுதவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 உயிரணு

செல் உயிரியல் படித்து அதிலேயே வேலை செய்கிறேன். உங்கள் அப்பா சொன்னதில் பாதி உடம்புக்கும் பொருந்தும். குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிறது. சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் ஓடிவிட்டுப் போகும், அந்த இடத்துக்கு வேறொன்று வரும். பாகம் மாற்றும் வேலையை உடம்பு பிறந்த நாளிலிருந்தே செய்துகொண்டுதான் இருக்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்தப் பாகங்களைத் தயாரிக்கிற பட்டறைக்கும் வயதாகிறது.

அலெக்சிஸ் கரேல் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் இரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கும் முறைக்காக 1912இல் நோபல் பரிசு பெற்றவர். அதே ஆண்டில் கோழிக் கருவின் இதயத் திசுவை எடுத்துக் கண்ணாடிக் கலத்தில் வளர்க்கத் தொடங்கினார். அந்தச் செல்கள் 1946 வரை வளர்க்கப்பட்டன. அவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். தனிச் செல்லுக்குச் சாவே இல்லை, உடம்பாகச் சேர்ந்திருப்பதால்தான் மூப்பு வருகிறது என்று ஒரு தலைமுறையே நம்பியது.

1961இல் லியோனார்டு ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் அந்த நம்பிக்கையை உடைத்தார்கள். மனிதச் செல்களைக் கலத்தில் வளர்த்தால் ஏறக்குறைய 50 முறை பிரிந்துவிட்டு நின்றுவிடுகின்றன. நடுவில் உறையவைத்து, பிறகு எடுத்து வளர்த்தாலும் விட்ட இடத்திலிருந்துதான் எண்ணிக்கை தொடர்கிறது. கரேலின் கலத்துக்கு ஊட்டமாகக் கொடுத்த கருச்சாற்றோடு புதிய செல்களும் தெரியாமல் போய்க்கொண்டிருந்தன என்றே இப்போது கருதுகிறார்கள்.

எண்ணிக்கை எங்கே பதிவாகிறது? செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் இழை குரோமோசோம். அதன் இரு நுனிகளிலும் டெலோமியர் என்ற பகுதி இருக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் அது கொஞ்சம் குட்டையாகிறது. அதை மறுபடி நீட்டித் தரும் டெலோமரேஸ் என்ற நொதியும் இருக்கிறது. இதைக் கண்டறிந்த மூவருக்கு 2009இல் நோபல் கிடைத்தது. அப்படியானால் எல்லாச் செல்லிலும் டெலோமரேஸை முடுக்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். எனக்கும் மாணவியாக இருந்தபோது தோன்றியது. ஆனால் பெரும்பாலான புற்றுநோய்ச் செல்கள் நிற்காமல் பிரிவதே அந்த நொதியை முடுக்கிவிட்டுத்தான். செல்லுக்கு வரம்பு வைத்தால் மூப்பு, வரம்பை எடுத்தால் புற்று. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் ஆயுள் ஓடிக்கொண்டிருக்கிறது.

#3 கணக்குநோட்டு

ஒரு சின்னக் கணக்கு. பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் என்ற காப்பீட்டுக் கணிதர் 1825இல் ஒரு விதியைச் சொன்னார். வளர்ந்த மனிதருக்கு ஓர் ஆண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 8 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. 30 வயதில் மிகச் சிறியதாக இருக்கும் எண், 70க்குள் ஐந்து முறை இரட்டித்து 32 மடங்காகிவிடும். 94இல் 256 மடங்கு.

1900 வாக்கில் உலகச் சராசரி ஆயுள் 32 அளவில் இருந்தது, இன்று 70ஐத் தாண்டிவிட்டது. இதைப் பார்த்து மூப்பை வென்றுகொண்டிருக்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். குழந்தைகள் சாவது குறைந்ததும் தொற்றுநோய்கள் அடங்கியதும்தான் அதற்குப் பெரிய காரணம். இரட்டிக்கும் வேகம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது. ஆவணங்களோடு சரிபார்க்கப்பட்டவர்களில் மிக நீண்ட நாள் வாழ்ந்தவர் பிரான்ஸின் ழான் கால்மென். 122 ஆண்டு, 164 நாள். அவர் இறந்தது 1997இல். மருத்துவம் இவ்வளவு வளர்ந்தும் அந்த எண்ணை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

#4 வெண்மணல்

முடியுமா என்பதை விடுங்கள். வேண்டுமா என்று கேட்டால், எனக்கு வேண்டும். நேராகவே சொல்கிறேன். நாளைக் காலையில் எழ வேண்டுமா என்று எந்த நாள் கேட்டாலும் என் பதில் ஆமாம்தான். எந்த நாளில் அது இல்லை என்று மாற வேண்டும்? அந்த நாளை எனக்கு யார் குறித்துக் கொடுப்பது?

#5 இரவுப்பணி

முதியோர் பிரிவில் 19 ஆண்டு செவிலியாக இருக்கிறேன். வயதானவர்களே "போதும்" என்கிறார்களே, அதனால் சாவு இயற்கையான நிறைவு என்று சிலர் பேசுவார்கள். அந்தப் போதும் எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

ஒரு அம்மா. வயது 88. இடுப்பு எலும்பு முறிந்து வந்தவர். தினமும் இரவு மாத்திரை கொடுக்கப் போனால் சுவரைப் பார்த்துப் படுத்தபடி "போதும்மா, என்னை விட்டுடு" என்பார். ஆறேழு நாள் இப்படியே. பிறகு வலிக்கான மருந்தின் அளவைச் சரிசெய்தார்கள். அடுத்த நாள் இரவு நான் போனபோது உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்டார். மேசையில் இருந்ததைத் துடைத்துக் கொடுத்தேன். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு யாரெல்லாம் வந்து போகிறார்கள் என்று விசாரித்தார். அதற்கப்புறம் "போதும்" என்று அவர் சொல்லி நான் கேட்கவில்லை.

வாழ்வு போதும் என்று அவர் சொல்லவில்லை, வலி போதும் என்றுதான் சொன்னார். எல்லாருக்கும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். நிறைந்த மனதோடு போனவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு சொல்லைக் கேட்டவுடன் முடிவுக்கு வந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

#6 பழையஏடு

இந்தப் பேச்சு வந்தால் எனக்கு அதியமான் கொடுத்த நெல்லிக்கனி நினைவுக்கு வராமல் இருக்காது. கிடைத்தது ஒரே கனி. உண்டால் நெடுநாள் வாழலாம். தான் உண்ணாமல், கனியின் பெருமையையும் சொல்லாமல் ஔவைக்குக் கொடுத்தான். 'சாதல் நீங்க' எனக்குக் கொடுத்தாயே என்று அவள் வியந்து பாடியது புறநானூற்றில் 91ஆம் பாட்டு.

ஈகைக்குச் சான்றாக இதைப் பள்ளியில் படித்தோம். அதன் தொடர்ச்சியை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அதே நூலில் 235ஆம் பாட்டும் ஔவையுடையதுதான். அதியமான் மார்பில் வேல் தைத்து இறந்த பிறகு பாடிய கையறுநிலை. கொடுத்தவன் போய்விட்டான், கனியை உண்டவள் அவனுக்காக அழுது பாடுகிறாள். ஒருவருக்கு மட்டும் நீண்ட ஆயுள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் படித்தாலே போதும். மருந்து வந்தால் கனி எத்தனை, முதலில் யார் கையில் என்று கேட்காமல் "வேண்டும்" என்று எப்படிச் சொல்ல முடியும் வெண்மணல்?

#7 உயிரணு

யார் கையில் என்று பழையஏடு ஐயா கேட்டதற்கு எங்கள் துறைக்குள்ளேயே ஒரு கதை இருக்கிறது. ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பின அமெரிக்கப் பெண். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தபோது அவரிடம் கேட்காமலே கட்டியிலிருந்து திசு எடுத்தார்கள். 1951இல், 31 வயதில் அவர் இறந்தார். அந்தச் செல்கள் சாகவில்லை. இன்றும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் பிரிந்துகொண்டே இருக்கின்றன. போலியோ தடுப்பூசி சோதனையிலிருந்து எத்தனையோ ஆய்வுகளுக்கு உதவின. குடும்பத்துக்கு இருபது ஆண்டுக்கு மேல் ஒன்றுமே தெரியாது. அந்தச் செல்களை விற்ற ஒரு நிறுவனத்தோடு வழக்கு முடிந்து உடன்பாடு ஏற்பட்டது 2023இல்தான்.

மனிதச் செல் சாகாமல் இருக்கும், அது நடந்துவிட்டது. அவரைக் கொன்ற கட்டிதான் அப்படி இருந்தது. ஹீலா என்று பெயரிடப்பட்ட அந்தச் செல்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். கலத்தை வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் மெல்லிய பால்நிறப் படலம் மாதிரி தெரியும். ஒரு மனுஷியின் மிச்சம் அது என்ற நினைப்பு முதல் நாள் கையை நடுங்கவைத்தது. இப்போதும் அந்த நினைப்பு போகவில்லை, போகவும் வேண்டாம்.

#8 மறுகரை

நான் எதிர்ப்பக்கம். சாவுதான் அதிகாரத்தைக் கை மாற்றுகிறது. சாகாத சர்வாதிகாரியை நினைத்துப் பாருங்கள். முந்நூறு வயது முதலாளியின் சொத்து எவ்வளவு சேர்ந்திருக்கும்? புதிய எண்ணத்தோடு வருகிறவர்களுக்கு இடம் எங்கே? மக்கள்தொகை பெருகி மூச்சுவிட இடமில்லாமல் போகும். வந்தவர்கள் போனால்தான் வருகிறவர்களுக்கு இடம்.

#9 வெண்மணல்

மறுகரை, கொடுங்கோலர்களும் பிழைத்துவிடுகிறார்கள் என்பதற்காக மாரடைப்புக்கு மருந்து கண்டுபிடிக்காமல் இருந்தோமா? பதவிக்குக் கால வரம்பு வைக்கலாம், சொத்துக்கு வரி போடலாம். ஒருவர் நாற்காலியை விட மாட்டார் என்பதற்காக உலகத்தில் எல்லாரும் செத்தாக வேண்டும் என்பது என்ன நியாயம்?

ஐயா சொன்ன கனிப் பங்கீடுதான் என்னை யோசிக்கவைக்கிறது. அதற்குச் சட்டென்று பதில் இல்லை. இருந்தாலும் எல்லாருக்கும் கிடைக்கிற வரை யாருக்கும் வேண்டாம் என்றால் எந்த மருந்துமே வந்திருக்காது.

#10 கணக்குநோட்டு

மக்கள்தொகை பற்றி: மறுகரை பயப்படுகிற மாதிரி பெருகித்தான் தீர வேண்டும் என்று இல்லை. யாருமே சாகவில்லை, ஒரு இணைக்கு ஒரு குழந்தை மட்டும் என்று வைப்போம். 1024 பேரில் தொடங்கினால் அடுத்த தலைமுறை 512, அதற்கடுத்து 256, 128, 64. கூட்டிக்கொண்டே போனாலும் மொத்தம் 2048ஐத் தொடாது. தொடங்கியதுபோல் இரண்டு மடங்குக்குள் நின்றுவிடும்.

ஆனால் அதே கணக்கின் இன்னொரு முனையைப் பாருங்கள். பத்தாவது தலைமுறையில் ஒரே ஒரு குழந்தை. தலைமுறைக்கு 30 ஆண்டு என்றால் 300 ஆண்டில் இரண்டாயிரம் பெரியவர்களுக்கு நடுவில் ஒரு குழந்தை. ஓடி விளையாட அதன் வயதில் இன்னொரு பிள்ளை இருக்காது. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு நெரிசலைப் பற்றிய பயம் எனக்குப் போய்விட்டது. அந்த ஒற்றைக் குழந்தை மட்டும் மனதில் நிற்கிறது. என் மகளுக்கு ஏழு வயது.

#11 மறுகரை

இதை நான் யோசித்ததே இல்லை. இடமில்லாமல் போகும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளே இல்லாமல் போகும் என்று சொல்லியிருக்க வேண்டும். வெண்மணல் கேட்டதும் சரி. சர்வாதிகாரி வாதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

#12 நீர்க்கோடு

எல்லாருக்கும் நன்றி. முதல் பதிவில் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் கடைசி மூன்று ஆண்டு மறதி நோய். முதலில் வாடிக்கையாளர் பெயர் போனது, பிறகு தெரு, பிறகு என் பெயர். இதயம், நுரையீரல், சிறுநீரகம் எல்லாம் நன்றாகவே இருந்தன. மருத்துவரே சொன்னார்.

ஆனால் கை மறக்கவில்லை. யாரென்று தெரியாத என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாபினைக் கேஸுக்குள் போடுவார். நூலைக் கேஸின் வெட்டுக்குள் இழுத்து, தகட்டுக்கு அடியில் கொண்டுபோய், நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டு மெல்ல ஒரு உதறு உதறுவார். கேஸ் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று இறங்கினால் நூல் தளர்ச்சி, இறங்கவே இல்லையென்றால் இறுக்கம். அந்தச் சின்னத் திருகாணியைக் கால் சுற்று திருப்பி மறுபடி உதறுவார். கண்ணால் பார்க்கவே மாட்டார். சரியாக நிற்கும்.

பாகம் மாற்றுவது பற்றிக் கேட்டேனே, அதற்குக் காரணம் இதுதான். மூளையை மாற்றினால்? புதிய நியூரான்களை வைத்தால் அப்பா திரும்பியிருப்பாரா, இல்லை அப்பாவின் உடம்பில் வேறொருவர் எழுந்திருப்பாரா?

#13 உயிரணு

நீர்க்கோடு அண்ணா, இந்தக் கேள்வியை இரண்டு நாள் மனதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

குடல்போல, இரத்தம்போல மூளை தன்னை மாற்றிக்கொள்வதில்லை. சுமார் 8,600 கோடி நியூரான்களில் மிகப் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் அதேவைதான். நினைவு இருப்பது அவற்றுக்கு இடையிலான இணைப்புகளில். நியூரான் போனால் இணைப்பும் போகிறது. புதியது வைத்தாலும் பழைய இணைப்பு தானாக வராது. கையின் பழக்கத்தை மூளையின் வேறு பகுதிகள் பார்த்துக்கொள்கின்றன. இந்த நோய் அங்கே தாமதமாகத்தான் போய்ச் சேர்கிறது. அவர் கை மறக்காததற்கு அதுதான் காரணம்.

சாகாத உயிர் என்று பெயர் வாங்கிய டுரிடோப்சிஸ் டோர்னி என்ற ஜெல்லி மீன் ஒன்று இருக்கிறது. அடிபட்டால், பட்டினி கிடந்தால், வளர்ந்த உருவத்தை விட்டுவிட்டுத் தன் இளம் பருவமான பாலிப்பாக மாறி முதலிலிருந்து தொடங்கும். சாவைத் தப்பிக்கிறது, ஆனால் வளர்ந்த உருவத்தில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. செல் அளவிலும் இதையேதான் பார்க்கிறோம். 2006இல் ஷின்யா யமனாகா நான்கு மரபணுக்களைக் கொண்டு எலியின் முதிர்ந்த செல்லைக் கருநிலைக்குத் திருப்பினார், 2012இல் நோபல். அப்படித் திரும்பிய செல்லுக்குத் தான் தோலாக இருந்தது மறந்துவிடும். உடம்புக்குள்ளேயே முழுதாகத் திருப்பினால் கட்டிகள் வருகின்றன. அதனால் இப்போது பாதி வழி மட்டும் திருப்பப் பார்க்கிறார்கள். இளமை திரும்ப வேண்டும், தான் யார் என்பதும் மறக்கக் கூடாது. மூப்பு விரைந்து வரும்படி மாற்றப்பட்ட எலிகளில் 2016இல் இது ஓரளவு பலித்தது.

அதனால் என் பதில்: இழந்த பிறகு திருப்பித் தர முடியாது, இழக்காமல் காக்கலாம். அந்த இடத்தில்தான் நான் நம்பிக்கையோடு வேலை செய்கிறேன்.

#14 கணக்குநோட்டு

முதல் கேள்விக்கு ஒரு வரி மீதியிருக்கிறது. மூப்பே இல்லை என்றாலும் சாவு இருக்கும். விபத்து, தொற்று எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் இறக்கிறார் என்று வையுங்கள். 693 ஆண்டில் பாதிப் பேர் போயிருப்பார்கள். 2,300 ஆண்டில் பத்தில் ஒருவர்தான் மிச்சம். சாகாமை என்று எதைச் சொல்கிறோமோ அது கணக்கில் எங்கும் வருவதில்லை. நீண்ட ஆயுள் மட்டும்தான் வருகிறது.

#15 இரவுப்பணி

அப்படியானால் முடிவில்லாத வாழ்வைப் பற்றிய சண்டையை விட்டுவிட்டு அந்த மூன்று ஆண்டைப் பற்றிப் பேசலாமா? என் பிரிவில் படுத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கேள்வி அதுதான். பெயர் மறக்காத, தானே எழுந்து கழிவறைக்குப் போக முடிகிற மூன்று ஆண்டு. உயிரணு அம்மா, அதற்காவது கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஏதாவது இருக்கிறதா?

#16 உயிரணு

இருக்கிறது அக்கா, ஆனால் அளவோடு சொல்கிறேன். ஈஸ்டர் தீவு மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்த ராபமைசின் என்ற மருந்து. சிறுநீரக மாற்று செய்தவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கொடுக்கிறார்கள். 2009இல் வெளியான சோதனையில் அதை 600 நாள் வயதான, அதாவது கிழட்டு எலிகளுக்குக் கொடுத்தார்கள். பத்தில் ஒன்பது எலிகள் இறந்து முடிகிற வயது பெண் எலிகளில் 14 விழுக்காடும் ஆண்களில் 9 விழுக்காடும் தள்ளிப்போனது. வயதான பிறகு தொடங்கினாலும் பலன் உண்டு என்று காட்டியதுதான் இதில் பெரிய செய்தி. ஆனால் அது நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து. மனித ஆயுளை நீட்டும் என்று நிரூபணம் ஆகவில்லை. தயவுசெய்து யாரும் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

#17 பழையஏடு

அந்த மூன்று ஆண்டை எல்லார் கையிலும் சேர்க்க முடியும் என்றால் எனக்கு மறுப்பே இல்லை. அதியமானும் மறுத்திருக்க மாட்டான்.

#18 நீர்க்கோடு

இரவுப்பணி அக்கா கேட்டதைப் படித்ததும்தான் எனக்கே தெரிந்தது. அப்பா என்றென்றும் இருக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. என் பெயர் தெரிந்த அப்பா இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பட்டறையை இன்னும் மூடவில்லை. அவர் பாதியில் விட்ட மெஷின் ஒன்று துணி போர்த்தியபடி மேசையில் இருக்கிறது. அதன் சொந்தக்காரர் ஐந்து மாதமாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்று இரவு துணியை எடுத்துவிட்டு பாபின் கேஸைத் தொங்கவிட்டு உதறிப் பார்த்தேன். சரசரவென்று தரைவரைக்கும் போய்விட்டது. திருகாணியை எத்தனை முறை திருப்பினேன் என்று தெரியவில்லை. விடியும் நேரத்தில் ஒருமுறை, கொஞ்சம் இறங்கி நின்றது.